பிக்கப்பில் ஏர் கம்ப்ரசர்: காவேரிப்பட்டணத்து மெக்கானிக்கின் கணக்கு

12 வோல்ட் கம்ப்ரசர் வாங்கலாம் என்று தேடினால் எல்லாப் பெட்டியிலும் 150 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்றுதான் கொட்டை எழுத்தில் இருக்கும். பைக்குக்குக் காற்று பிடிக்கிற குட்டிச் சாமானிலும் 150, ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிற இரட்டை மோட்டார் யூனிட்டிலும் அதே 150. அந்த எண்ணை விடுங்கள். நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளுகிறது, ஓய்வு கேட்காமல் எவ்வளவு நேரம் ஓடும், இதைக் கேளுங்கள். கடைக்காரர் பதில் சொல்லாமல் மறுபடி 150-ஐயே காட்டினால் வேறு கடை பார்க்கலாம்.

டிராக்டர், பவர் டில்லர், நெல் அறுக்கிற மெஷின் எதுவானாலும் வயலுக்கே போய் ரிப்பேர் பார்ப்பது என் தொழில். அகரம், நெடுங்கல், பாரூர் எல்லாம் அடிக்கடி, போச்சம்பள்ளி பக்கம் எப்போதாவது. வண்டி பொலிரோ பிக்கப். அறுவடை சமயத்தில் மெஷின் நின்றால் பாதிக்கு மேல் ஒரே காரணம்தான்: ரேடியேட்டர் ஜாலியில் வைக்கோல் தூள் அடைத்து ஹீட் ஏறியிருக்கும். அதை ஊதித் தள்ளக் காற்று வேண்டும். அப்புறம் ஏர் ஃபில்டர், டிராக்டர் பின் டயர், டிரெய்லர் டயர். என் பிக்கப்புக்கும்தான். லோடு ஏற்றும்போது பின் டயரில் 65 வைக்கிறேன். அதே காற்றோடு காலி வண்டியை ஏரிக்கரை மண் ரோட்டில் ஓட்டினால் டூல் பாக்ஸ் எல்லாம் எகிறிக் குதிக்கும். காலியாகப் போகும்போது 40-க்கு இறக்கிவிட்டு, லோடு ஏறியதும் திரும்ப ஏற்ற வேண்டும். பஞ்சர் கடையைத் தேடிக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளில் போட்ட கணக்கு இது. 13.6-28 டிராக்டர் டயருக்குள் ஏறத்தாழ 250 லிட்டர் இடம். அதில் 14.5 பிஎஸ்ஐ, அதாவது ஒரு பார் (ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம் அளவு) ஏற்ற, வெளியிலிருந்து 250 லிட்டர் காற்றை உள்ளே தள்ள வேண்டும். பிக்கப்பின் 7.00-15 டயர் 50 லிட்டர் பிடிக்கும். 40-லிருந்து 65-க்குக் கொண்டுபோக 85 லிட்டர் தேவை. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற சாமான் நிமிஷத்துக்கு 30 லிட்டர் என்று வைத்தாலும் டிராக்டர் டயருக்கு எட்டு நிமிஷம் தாண்டும். அழுத்தம் ஏற ஏற அது தள்ளும் காற்று குறையும் என்பதால் நிஜத்தில் இன்னும் கூடும், அதற்குள் அது கொதித்துவிடும். லைட்டர் சாக்கெட்டின் ஃப்யூஸ் 10, 15 ஆம்பியர்தான், மிஞ்சினால் 180 வாட். அந்தக் கரண்டில் அதற்கு மேல் காற்று எங்கிருந்து வரும்?

பஞ்சர் கடைக்காரர்கள் வைத்திருக்கிற பெட்ரோல் இஞ்சின் செட்டையும் பார்த்தேன். காற்றுக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் பாடியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், இறக்கி ஏற்ற இரண்டு பேர் வேண்டும், இன்னொரு இஞ்சினுக்கு எண்ணெய் பார்க்க வேண்டும். காரின் ஏசி கம்ப்ரசரை இஞ்சினில் பெல்ட் போட்டு மாட்டுகிறவர்களும் உண்டு. செலவு குறைவு, காற்றும் நன்றாக வரும். ஒரே தொந்தரவு எண்ணெய்: ஏசியில் கேஸோடு சேர்ந்து சுற்றும் எண்ணெய்தான் அதன் உயிர். காற்றுக்கு ஓட்டும்போது நாமே எண்ணெய் கொடுக்க வேண்டும், அது காற்றோடு வெளியேயும் வரும். காகித ஏர் ஃபில்டரை ஊதுகிற எனக்கு எண்ணெய் கலந்த காற்று ஆகாது. (திருச்செங்கோட்டு போர்வெல் போடும் வண்டிகளில் ஆயிரம் சிஎஃப்எம் கம்ப்ரசர் இருக்கிறதே என்று டீக்கடையில் ஒருவர் யோசனை சொன்னார். ஒரு சிஎஃப்எம் என்றால் நிமிஷத்துக்கு 28 லிட்டர். எனக்கு ஆறு போதும் அண்ணே என்றேன்.)

கடைசியில் ஏஆர்பி இரட்டை மோட்டார் யூனிட். கம்பெனி ஆஸ்திரேலியாவுடையது, 1975-இல் தொடங்கியது. காற்றால் பூட்டி இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் டிஃபரன்ஷியல் லாக்குக்குப் பேர் போனவர்கள். எதிர் அழுத்தம் இல்லாதபோது நிமிஷத்துக்கு 174 லிட்டர், 29 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 130 சொச்சம் என்று அவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். நான் தேடிய எண் இதுதான். இவர்களுடைய ஒற்றை மோட்டார் யூனிட் அதில் பாதிகூட வராது, பாதி நேரம் ஓய்வும் வேண்டும். இரட்டை மோட்டாருக்கு அந்த நிபந்தனை இல்லை. வேறு சில பிராண்டுகளில் டியூட்டி 33 சதவீதம் என்று பொடி எழுத்தில் இருக்கும். 10 நிமிஷம் ஓடினால் 20 நிமிஷம் சும்மா இருக்க வேண்டும் என்று அர்த்தம். அறுவடை மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு 20 நிமிஷம் என்ன பேசுவது?

புதிதாக வாங்கினால் பிக்கப்புக்கு நாலு டயரும் மாற்றுகிற காசைத் தாண்டும். பெங்களூரில் ஜீப்பை விற்ற ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக எடுத்தேன். அப்படி வாங்குகிறவர்கள் இரண்டு மோட்டாரும் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றின் தலையிலும் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் இன்னொன்று சும்மா இருக்கிறது. 150 ஏறியதும் தானே நின்று, 135-க்கு இறங்கியதும் தானே எடுக்க வேண்டும்.

இனி வயரிங். யூனிட் நல்லதாக இருந்தும் வேலை கெட்டுப்போவது இங்கேதான். கூட வருகிற வயர் இஞ்சின் பக்கம் மாட்டும் நீளத்துக்குத்தான். நான் கேபினுக்குப் பின்னால் டூல் பாக்ஸுக்குள் வைக்க நினைத்ததால் நீட்ட வேண்டியிருந்தது. ஓசூரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் 4 சதுர மில்லிமீட்டர் வயரைக் காட்டி, ‘இதுவே போதும்ணே, ஹார்னுக்கு இதைவிடச் சின்னதுதான் போடுறோம்’ என்றார்கள். ஹார்ன் 50 ஆம்பியர் குடிக்காது. இது குடிக்கும், இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பதைப் போல ஐந்து மடங்குக்கு மேல். போக மூன்று மீட்டர், வர மூன்று மீட்டர் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் வயரிலேயே 1.3 வோல்ட் விழுந்துவிடும். மோட்டார் மந்தமாக ஓடும், வயர் சுடும். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் விழுவது 0.3 வோல்ட்தான். இதற்குத் தனியாகத் தேடி அலைய வேண்டாம், ஹார்டுவேர் கடையில் விற்கிற வெல்டிங் கேபிள் போதும். செம்புதானா என்று முனையைச் சுரண்டிப் பாருங்கள், அலுமினியமும் அதே நிறத்தில் தோல் போர்த்திக்கொண்டு வருகிறது. முனைக்கு லக் (போல்ட்டில் மாட்டுகிற உலோக முனை) வைத்து அமுக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றுகிற வேலை வேண்டாம். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு ஜாணுக்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆனால் ஃப்யூஸ் இருந்தும் பிரயோஜனம் இல்லை. எர்த்தையும் சேஸிஸில் பெயின்ட் மேல் முடுக்காமல் பேட்டரிக்கே கொண்டுபோய்விட்டேன். ஓட்டும்போது இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்து செல்ஃப் எடுக்காது.

காற்றைச் சேர்த்து வைக்கும் டேங்க் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் 10 லிட்டர் வைத்திருக்கிறேன். 150-லிருந்து 90-க்கு இறங்குவதற்குள் அது கொடுப்பது 41 லிட்டர். நட்டு கழட்டுகிற அரை இஞ்ச் இம்பாக்ட் கன் நிமிஷத்துக்கு 120 லிட்டர் வாக்கில் இழுக்கும், ஆக டேங்க் மட்டும் 20 விநாடி தாங்கும். கம்ப்ரசரும் கூடவே ஓடுவதால் பிக்கப் வீலுக்குத் தாராளம். டிராக்டர் பின் சக்கரத்தில் நடுவில் ஒரு தடவை நிறுத்த வேண்டியிருக்கிறது. நட்டு கழட்ட மட்டும்தான் காற்று என்றால் இவ்வளவு செலவே வேண்டாம், நல்ல பேட்டரி இம்பாக்ட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டேங்க்குக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு அவசியம். மழைக்காலத்தில் அதைத் திறந்தால் துருத் தண்ணீர் பீச்சும். கம்ப்ரசரிலிருந்து டேங்க்குக்குப் போகும் முதல் ஹோஸ் கம்பி பின்னியதாக இருக்கட்டும், அந்த இடத்துக் காற்று அத்தனை சூடு, சாதா ரப்பர் இளகிவிடும்.

வயலில் எப்படி? ரேடியேட்டரைப் பொறுத்தவரை முழுத் திருப்தி. மெஷினை நிறுத்திவிட்டு ஃபேன் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி ஊத வேண்டும், தூசு வந்த வழியே போகும். காற்று ஊதும் கன்னை ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள், கிட்டே வைத்தால் ஜாலித் தகடு மடங்கும். கண்ணாடி போடாமல் நிற்காதீர்கள், உமி நேராகக் கண்ணுக்குத்தான் வரும். ஏர் ஃபில்டருக்கு மட்டும் ரெகுலேட்டரை 30-க்குக் கீழே இறக்கி, உள்ளிருந்து வெளியே ஊதுகிறேன். முழு அழுத்தம் வைத்தால் காகிதம் கிழியும்.

டிராக்டர் டயரில் நம் ஆட்கள் பாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். வால்வு மேலே வருகிற மாதிரி சக்கரத்தை உருட்டி நிறுத்திவிட்டுத்தான் கேஜை வைப்பேன். கீழே இருக்கும்போது அமுக்கினால் சட்டை நனையும், கேஜும் போச்சு. தண்ணீர் இல்லாத டயர் என்றால் ஒரு பார் ஏற இரண்டு நிமிஷம் பக்கம் ஆகிறது. பாரூரில் ஒரு பெரியவர், ‘இத்தனூண்டு பெட்டி இவ்ளோ பெரிய சக்கரத்துக்குக் காத்து ஏத்துமா தம்பி?’ என்று கேட்டுவிட்டு, முடிகிற வரைக்கும் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ‘சுடுதுங்க, கையை எடுங்க’ என்று சொல்ல வேண்டியதாயிற்று.

ரிம்மிலிருந்து முழுக்க விட்டுப்போன டியூப்லெஸ் டயரை மறுபடி உட்கார வைக்க இது போதாது. அதற்கு ஒரே மூச்சில் வரும் காற்று வேண்டும், 10 லிட்டர் டேங்கில் அது கிடையாது. பெங்களூர் ரோட்டில் லாரிக்குக் காற்று பிடித்துச் சம்பாதிக்க நினைப்பவர்களும் இதை வாங்க வேண்டாம். 100 பிஎஸ்ஐக்கு மேல் பெரிய டயரில் ஏற்றும்போது காத்து நின்றே பொழுது போய்விடும், அவர்களுக்குப் பெட்ரோல் இஞ்சின் செட்தான் சரி. சத்தம் உண்டு, பக்கத்தில் நின்று போன் பேச முடியாது. உறிஞ்சும் ஃபில்டர் டூல் பாக்ஸின் மண்ணுக்குள் இருக்கக் கூடாது என்று ஒரு குழாய் போட்டு மேலே கேபின் உயரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறேன். இவற்றோடு வாங்க வேண்டியது ஹோஸ். சுருள் ஹோஸ் பார்க்க அழகு, இழுத்தால் திரும்ப நம்மையே இழுக்கும். நேரான ரப்பர் ஹோஸ் 10 மீட்டர் வாங்குங்கள், டிரெய்லரின் கடைசி டயர் வரைக்கும் எட்டும்.