பழைய செஸ்னா 172-இன் உள்பக்கம்: புதுப்பித்துச் சில வருஷம் கழித்து

அமெரிக்காவின் மிச்சிகனில் நண்பர்கள் சிலர் பங்கு போட்டு வைத்திருக்கும் நாலு பேர் உட்காரும் சின்ன விமானம், 1974-ஆம் வருஷத்து செஸ்னா 172எம். உள்ளே இருந்த ராயலைட் பிளாஸ்டிக் எல்லாம் வெயிலில் மஞ்சளாகி, விரல் பட்டாலே அப்பளமாக நொறுங்கும் நிலைக்கு வந்த பிறகுதான் கையை வைத்தோம். இப்போது நிதானமாகச் சொல்லலாம், அழகுக்குப் போட்ட பணத்தைவிடக் காற்று வரும் வழிக்குப் போட்ட சொற்பப் பணம்தான் உருப்படியாக உழைக்கிறது.

புது ஏபிஎஸ் (ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) பேனல் வாங்கினால் அப்படியே மாட்டிவிடலாம் என்று நம்பாதீர்கள். ஓரம் வெட்டாமல், ஸ்க்ரூ ஓட்டை இல்லாமல் வரும், பழையதை மேலே வைத்துக் குறித்து, ராவி ராவித்தான் உட்கார வைக்க வேண்டும். கதவுத் தூண் பேனல் ஒன்று இரண்டாவது குளிர்காலத்திலேயே ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து விரிசல் விட்டது. ஆனால் ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துப் பசையாக்கி, பின்பக்கம் ஃபைபர்கிளாஸ் துணி வைத்து ஒட்டிய பழைய பேனல் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, வாஷர் வைத்து, இறுக்கி முறுக்காமல் விடுங்கள், குளிருக்குச் சுருங்க இடம் வேண்டுமே.

சரி, காற்றுக்கு வருகிறேன். விண்ட்ஷீல்டின் மேல் மூலை இரண்டிலும் இழுத்துத் திறக்கும் குழாய் வென்ட் இருக்கும். அதிலுள்ள ஃபெல்ட் (தடித்த கம்பளித் துணி) தேய்ந்துபோனால் மூடியும் பயனில்லை, ஜனவரியில் பறக்கும்போது பனிக்காற்று நேராகக் காதில் அடிக்கும். ஒரு பட்டை ஃபெல்ட் ஒட்டியதோடு அந்தத் தொல்லை ஒழிந்தது. கருவிப் பேனலுக்குப் பின்னாலிருந்த காற்று ஹோஸ்கள் கை வைத்ததும் கிழிந்தன, சூடு தாங்கும் ஆரஞ்சு நிற ஸ்காட் ஹோஸ் போட்டோம். ஹீட்டர் காற்று எக்ஸாஸ்ட் மஃப்ளரைச் சுற்றி வருவது, மஃப்ளரில் விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு நேரே கேபினுக்குள் வந்துவிடும். அதனால் ஹோஸ் மாற்றும் கையோடு மெக்கானிக்கிடம் சொல்லி மேலே மூடியிருக்கும் உறையை (ஷ்ரவுட்) கழற்றி மஃப்ளரையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வாயுவைக் காட்டும் டிஜிட்டல் டிடெக்டர் ஒன்றும் வையுங்கள், வாயு பட்டால் நிறம் மாறும் அட்டையை நம்பிப் பறக்க எனக்கு மனசில்லை.

பக்கப் பேனலுக்குப் பின்னால் பழைய கண்ணாடிப் பஞ்சு ஈரம் குடித்து, அலுமினியத்தில் வெள்ளைப் பொடியாக அரிப்பு பிடித்திருந்தது. முழுவதையும் எடுத்துவிட்டுத் தண்ணீர் இழுக்காத ஃபோம் வைத்தோம்.

காகித வேலை பயந்த அளவுக்கு இல்லை. முக்கியக் கட்டமைப்பையோ இயக்க அமைப்புகளையோ பிரிக்காதவரை அப்ஹோல்ஸ்டரியை (இருக்கைத் துணி, உள் அலங்காரம்) விமானி உரிமத்தோடு உரிமையாளரே சரிசெய்து லாக்புக்கில் எழுதலாம், அமெரிக்க விமானத் துறை ஆணையமான எஃப்ஏஏ-வின் விதி 43-இன் இணைப்பு ஏ அப்படித்தான் சொல்கிறது. துணிக்கு மட்டும் தீப்பிடிக்கும் தன்மைக்கான சான்றிதழ் வாங்கி வையுங்கள். (சிகரெட் சாம்பல் கிண்ணம் வைத்துக் கொடுத்த காலத்து விமானம் இது!)

ஹெட்லைனரை (உள்கூரைத் துணி) மட்டும் இன்னும் தொடவில்லை. அதைத் தாங்கும் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட எங்களில் யாருக்கும் பொறுமை இல்லை.