வீட்டுல கல்லீரல் நோயாளி இருக்காங்களா? "குடல் கிருமி பேக்கேஜ்" விக்கிறவங்ககிட்ட ஜாக்கிரதை

2,480 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போச்சு. இன்னொரு வீட்டுல இது நடக்கக் கூடாதுன்னு எழுதறேன். ஆத்திரத்துல எழுதறது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

இடம் மலேசியா, பினாங்கு மாநிலத்துல இருக்கிற பிறை. கடைவீட்டு மேல்மாடியில நடக்கிற ஒரு "ஆரோக்கிய மையம்". பேரு போடல, வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம்னு ஏற்கெனவே மிரட்டிட்டாங்க. அப்பாவுக்கு ஹெபடைட்டிஸ் பி-யால வந்த சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பாகி இறுகிப்போற நோய்.

அங்க இருந்த ஆளு முதல்ல சொன்னதெல்லாம் உண்மைங்க. அதுதான் வயித்தெரிச்சல். வெள்ளைப் பலகையில படம் போட்டார். குடல்ல இருந்து வர்ற ரத்தம் நேரா கல்லீரலுக்குத்தான் போகுது, கல்லீரலுக்குக் கிடைக்கிற ரத்தத்துல கிட்டத்தட்ட முக்கால் பங்கு அந்த வழியாத்தான் வருது, சிரோசிஸ் முத்தினா நல்ல பாக்டீரியா குறைஞ்சு, குடல் சுவர் பலவீனமாகி, கிருமிக் கழிவு ரத்தத்துல கசியும்னார். எல்லாம் சரி. பிறகு அப்பா கையைப் பிடிச்சு, "ஐயா, உங்களை என் தகப்பன் மாதிரி பார்த்துக்கிறேன்"னார். அப்பா முகத்துல சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு! அங்கேயே போன்ல பணத்தை அனுப்பிட்டேன். அவங்க "பேக்கேஜ்"னு சொன்னது இதுதான்: மலப் பரிசோதனைக்கு 680, பவுடருக்கு 1,800.

கடைசியாத்தான் விஷத்தை வச்சார். "ஆஸ்பத்திரி சிரப்பு வேணாங்கய்யா, அது பேதியாக்கி நல்ல கிருமியை அடிச்சுக்கிட்டுப் போயிடும்." லாக்டுலோஸைச் சொல்றார். அந்த இனிப்பு அப்பாவுக்கு ஏற்கெனவே பிடிக்காது. யார்கிட்டயும் சொல்லாம நிறுத்திட்டார்.

பகல் பூரா தூக்கம், ராத்திரி பூரா முழிப்பு. கையை நீட்டினா படபடன்னு அடிக்குது. பேத்தி பேரு வாயில வரல. போன் போட்டா, "கெட்ட கிருமி சாகுது தங்கச்சி, நல்ல அறிகுறி, அளவைக் கூட்டுங்க"ன்றார்!

எமர்ஜென்சி டாக்டர்தான் விளக்கினாங்க. குடல் பாக்டீரியா அம்மோனியாவை உண்டாக்குது. நல்ல கல்லீரல் அதை யூரியாவா மாத்தி சிறுநீர்ல அனுப்பிடும். கெட்டுப்போன கல்லீரலால முடியாது, அந்த அம்மோனியா மூளைக்கு ஏறிடுது. லாக்டுலோஸ் பெருங்குடலைப் புளிப்பாக்கி அம்மோனியாவை அங்கேயே பிடிச்சு வெளிய தள்ளுது. நாளைக்கு ரெண்டு மூணு தடவை இளக்கமா போகணும்னுதான் குடுக்கறாங்களாம். அதாவது, குடல் கிருமி பண்ற கெடுதலுக்கு மருந்தே அந்த சிரப்புதான்! இதே நிலைமை திரும்பத் திரும்ப வந்தா ரிஃபாக்சிமின்னு ஒரு ஆண்டிபயாட்டிக்கும் சேர்ப்பாங்களாம், அதுவும் குடல் கிருமி மேலதான் வேலை செய்யுமாம். அப்பா இப்போ தெளிஞ்சிட்டார், நம்ம நல்ல நேரம்.

பரிசோதனை ரிப்போர்ட்டை அப்புறம்தான் நிதானமா படிச்சோம். அப்பா பேருக்குக் கீழே "பெண், வயது 34". கேட்டா "பிரிண்டிங் தப்பு"ங்கறாங்க. எந்த லேப்னு கேட்டா பதில் இல்ல. காசைத் திருப்பிக் குடுங்கன்னா, பாக்கெட் பிரிச்சாச்சு, மேலிடத்துல கேட்கணும், அக்கவுண்ட்ஸ் பொண்ணு லீவு, அதே மதிப்புக்கு சோப்பு எடுத்துக்குங்க. 2,480 வெள்ளிக்கு சோப்பு! கடைசியில அவங்க வாட்சாப் குரூப்ல இருந்து என்னைத் தூக்கிட்டாங்க.

சரி, என்ன பண்ணணும்னா: பாக்கெட்டுல மால் (MAL) பதிவு எண்ணும், அதாவது மலேசியாவுல மருந்துக்குக் குடுக்கிற அரசாங்கப் பதிவு எண்ணும், ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கான்னு பாருங்க. "இது உணவுதான், பதிவு வேணாம்"னு சொன்னா, உணவு நோயைக் குணப்படுத்தும்னு எப்படி விக்கிறீங்கன்னு திருப்பிக் கேளுங்க. டாக்டரைக் கேட்காம லாக்டுலோஸை நிறுத்தாதீங்க. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்ல. நான் மனு போட்டாச்சு.

இன்னும் நிறைய எழுத நினைச்சேன், அப்பாவுக்கு மருந்து குடுக்கற நேரமாச்சு. அந்த குரூப்ல இருந்தவங்க யாராவது ரசீது வச்சிருந்தா இன்பாக்ஸ் வாங்க. அந்த 2,480-ஐ நான் விடறதா இல்ல.