கட்டுவதா, அடைப்பதா, செட்டில் பண்ணுவதா?

கடன் வாங்குவதற்கு 'வாங்குவது' என்ற ஒரே சொல் போதும். திருப்பித் தருவதற்குத்தான் ஆளுக்கொரு சொல்: கட்டுவது, அடைப்பது, தீர்ப்பது, திருப்புவது, பைசல் பண்ணுவது, செட்டில் பண்ணுவது. அகராதியில் எல்லாம் பங்காளிகள் மாதிரி ஒரே வரியில் நிற்கும். பேச்சில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் சில சமயம் காசுக் கணக்கே மாறிவிடும்.

முதலில் கட்டுவதும் அடைப்பதும். தாம்பரத்தில் ஃப்ளாட் வாங்கியவரைக் கேட்டால் 'இ.எம்.ஐ. கட்டிட்டிருக்கேன்' என்பார், 'அடைச்சிட்டிருக்கேன்' என்று சொல்வது அபூர்வம். சரியாகத்தான் சொல்கிறார். 30 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 26,990 ரூபாய் வரும். முதல் மாதம் அதில் 22,500 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 4,490 சொச்சம்தான். கட்டியது 27 ஆயிரம், அடைந்தது நாலரை ஆயிரம்! கட்டுவதற்கு முடிவு கிடையாது. வாடகை, கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் கட்டுகிறோம், அடுத்த தடவையும் கட்டுவோம். அடைத்தால் அந்தத் தொகை அதோடு ஒழிந்தது. அதனால் போனஸ் பணத்தோடு வங்கிக்குப் போகிறவர் 'கூடக் கொஞ்சம் கட்டுறேன்' என்று பொதுவாகச் சொல்லாமல், 'அசலில் கழிச்சுக்குங்க' என்று எழுதிக் கொடுப்பது நல்லது. இல்லாவிட்டால் வரப்போகும் தவணைக்கான முன்பணமாக அது வரவாகிவிடலாம்.

தண்டலுக்கும் இதே 'கட்டு'தான். பத்தாயிரம் என்று பேசி, வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் தருவார்கள். நாளுக்கு 100 ரூபாய், 100 நாள். மார்க்கெட்டில் தள்ளுவண்டிக்காரரிடம் சாயங்காலம் வந்து நிற்பவர் கேட்பதும் 'இன்னிக்குக் கட்டிட்டியா?' என்றுதான். 2003-ல் வந்த தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

இந்தக் கூட்டத்தில் நான் ஜாக்கிரதையாகப் பார்ப்பது 'செட்டில்' என்ற சொல்லை. ஓட்டல் பில்லை செட்டில் பண்ணுகிறோம், பையன் வாழ்க்கையில் செட்டில் ஆகிறான். கௌரவமான சொல் என்று காது பழகிவிட்டது. கிரெடிட் கார்டு பாக்கி 80,000 நிற்கிறது, 35,000 கொடுத்தால் போதும் என்று போன் வருகிறது. கொடுத்துவிட்டு 'செட்டில் பண்ணிட்டேன்' என்று நிம்மதியாக இருப்பார்கள். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு 'குளோஸ்டு' என்று ஏறாது, 'செட்டில்டு' என்று ஏறும். முன்னதற்கு முழுக்கத் தந்தார் என்று பொருள், பின்னதற்குக் குறைத்துத் தந்தார் என்று. அடுத்த கடனுக்குப் போகும்போது மேனேஜர் கண்ணில் முதலில் படுவது அந்த வார்த்தையாகத்தான் இருக்கும். வேறு வழியில்லாதவர் செட்டில் பண்ணுவதில் தப்பில்லை, ஆனால் அதை அடைத்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது. நம் பழைய 'பைசல்' கூட இப்படித்தான். பேச்சு முடிந்தது என்று சொல்லும், எவ்வளவு கை மாறியது என்று சொல்லாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ரிசர்வ் வங்கி இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. முழுக்க அடைத்தாலும் சரி, செட்டில் பண்ணினாலும் சரி, தனிநபர் அடமானம் வைத்த அசல் பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். கடன் கொடுத்தவர் பக்கம் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அவர்கள் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இதுதான் விதி.

நகைக் கடன் வேறு ரகம். அதில் கடன் பேச்சிலேயே வராது. 'வளையலைத் திருப்பணும்', 'செயினை மீட்டாச்சு' என்போம். கொடுப்பது பணம், பேசுவது நகையைப் பற்றி.

தீர்ப்பது ஆட்களுக்கு நடுவே. நன்றிக்கடனைத் தீர்க்கலாம், தவணை முறையில் கட்ட முடியாது. பழியையும் தீர்க்கிறோம், 'கணக்குத் தீர்த்துட்டான்' என்றால் பணமா, அடிதடியா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து வீட்டில் வாங்கிய கைமாத்துக்கு இவ்வளவு கனமான சொல் வேண்டாம், 'திருப்பிக் கொடுத்துட்டேன்' போதும்.

மொய் இவை எதிலும் அடங்காது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆடி பிறந்தால் மொய் விருந்துப் பத்திரிகைகள் வரத் தொடங்கும். விருந்து நடத்துபவர் முன்பு வைத்த மொய்யை, போகிறவர் திரும்ப வைக்க வேண்டும், மேலே கொஞ்சம் சேர்த்து. அந்தச் சேர்ப்புதான் விருந்து நடத்துபவர் பக்கம் புதிய பாக்கி. வாங்கியதை மட்டும் சரியாக வைத்தால் உறவை முறித்துக்கொள்வதாகக்கூட எடுத்துக்கொள்வார்கள். மொய்யை 'அடைச்சுட்டேன்' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கடைசியாக ஆபீஸ் தமிழ். கைக்காசைப் போட்டு டாக்ஸியில் போய் வந்து பில்லைக் கொடுத்தால், அந்தத் தொகையை 'ஈடு செய்வதாக' சுற்றறிக்கையில் எழுதுகிறார்கள். நஷ்டத்துக்குத்தான் ஈடு. இங்கே யாருக்கும் நஷ்டமில்லை, செலவு செய்த காசு திரும்பி வருகிறது. 'மீளச் செலுத்துதல்' பரவாயில்லை, ஆனால் சம்பளப் பிரிவில் போய் அப்படிக் கேட்டால் முழிப்பார்கள். 'செலவுத் தொகையைத் திரும்பத் தருவோம்' என்று நான் எழுதுவேன். ஒன்றிரண்டு சொல் கூடினாலும் யாருக்கும் விளங்கும்.