குதிரைக்கு மூட்டு சப்ளிமென்ட் வாங்கும் முன் டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள்

குதிரை வைத்திருப்பவர்கள், அதிலும் வயதான குதிரை வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மூட்டுக்கு நல்லது என்று சொல்லி எங்களுக்கு விற்ற தூளில், சொன்ன சத்து குதிரையின் வயிற்றுக்குப் போகிற அளவில் இல்லை. பணம் திருப்பித் தருவதாகக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றவில்லை. இதையெல்லாம்விட என்னால் பொறுக்க முடியாதது, அந்தத் தூள் வேலை செய்யும் செய்யும் என்று காத்திருந்த மாதங்களில் குதிரை வலியோடு நின்றதுதான். புகார் கொடுத்திருக்கிறோம், அது நடந்துகொண்டிருக்கிறது, அதனால் விற்றவர் பெயரைப் போடவில்லை. ஆனால் இந்த வித்தை ஒரே ஒரு விற்பனையாளர் மட்டும் செய்வது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது 16 வயதுப் பெட்டைக் குதிரை. காலையில் லாயத்தை விட்டு வெளியே வரும்போது பின்னங்கால் விறைத்திருக்கும், கொஞ்ச தூரம் நடந்தால் இளகிவிடும். அப்புறம் வட்டமாக ஓட்டும்போது இடது பக்கம் திரும்பினால் அடி குட்டையாக விழ ஆரம்பித்தது. டாக்டரைக் கூப்பிடலாம் என்று பேசிக்கொண்டிருந்த சமயத்தில்தான், தீவனம் வாங்கும் இடத்தில் சத்துணவு ஆலோசகர் என்று அறிமுகமான ஒருவர் குறுக்கே வந்தார். கேள்விகள் எல்லாம் சரியாகத்தான் கேட்டார். வயது என்ன, எடை என்ன, எந்தக் கால், எப்போது நொண்டுகிறது. கேட்டுவிட்டு, "எக்ஸ்ரே எல்லாம் இப்ப எதுக்குங்க, வயசானா வர்றதுதான், டாக்டர் வந்தாலும் இதைத்தான் சொல்லுவாரு, மூணு மாசம் போட்டுப் பாருங்க, வித்தியாசம் தெரியலைன்னா பணத்தைத் திருப்பித் தர்றோம்" என்றார். குதிரையை நேரில் பார்க்காத ஒருவர் டாக்டர் என்ன சொல்வார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார் என்றால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள். சப்ளிமென்ட் விற்பவருக்கு நோயைக் கண்டுபிடிக்கும் வேலை கிடையாது.

சரி, டப்பாவுக்கு வருகிறேன். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் குளுக்கோசமின் 1,20,000 மி.கி. என்று போட்டிருந்தது (குருத்தெலும்புக்கு நல்லது என்று சொல்லி மூட்டுத் தூள்களில் சேர்க்கிற பொருள் அது). பக்கத்திலேயே கான்ட்ராய்டின், எம்எஸ்எம் (ஒரு கந்தகப் பொருள்), ஹயலுரோனிக் அமிலம், கொலாஜன் என்று மூட்டுக்காகச் சேர்க்கும் மற்றப் பொருட்களின் பெயர்கள் வரிசையாக, ஆனால் அவற்றுக்கு அளவு இல்லை, "மூட்டுக் கலவை" என்று எல்லாவற்றையும் ஒரே கூட்டுத் தொகையில் அடக்கியிருந்தார்கள். பின்பக்கத்தில், விரல் நகத்தைவிடச் சின்ன எழுத்தில், அந்த 1,20,000 என்பது ஒரு கிலோ தூளுக்கு என்று இருந்தது. ஒரு நாளைக்குப் போடச் சொன்னது ஒரு கரண்டி, 30 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 30 கிராமில் இருப்பது 3,600 மி.கி., அதாவது 3.6 கிராம். 500 கிலோ குதிரைக்குப் பொதுவாகப் பேசப்படுகிற அளவு ஒரு நாளைக்கு 10 கிராம் சுமார். மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது, அதுவும் லேபிளில் எழுதியிருப்பது உண்மையாகவே உள்ளே இருந்தால்.

அந்த "இருந்தால்" சும்மா சொன்னது இல்லை. 2006-ல் ஒரு குதிரை மருத்துவ ஆய்விதழில் வந்த ஆய்வில், கடையில் விற்கும் 23 குதிரை மூட்டு சப்ளிமென்ட்களை வாங்கிச் சோதித்தார்கள். 9 டப்பாக்களில் லேபிளில் சொன்னதைவிடக் குளுக்கோசமின் குறைவு. அதில் 4 டப்பாக்களில் சொன்ன அளவில் 30 சதவீதம்கூட இல்லை. கான்ட்ராய்டின் கதை இன்னும் மோசமாகப் போகக்கூடும், ஏனென்றால் அது விலை கூடிய பொருள், மாட்டின் மூச்சுக்குழாய்க் குருத்தெலும்பு, சுறாக் குருத்தெலும்பு போன்றவற்றிலிருந்து எடுப்பது. அதை அளக்கும் பழைய, மலிவான சோதனை முறையை ஒரு சாதாரண பாஸ்பேட் உப்பைக் கலந்தே ஏமாற்றிவிடலாம், சோதனை அதையும் கான்ட்ராய்டின் என்றே எண்ணிக்கொள்ளும். ஆகவே "சோதிக்கப்பட்டது" என்ற ஒரு வார்த்தையை மட்டும் நம்பி வாங்காதீர்கள், எந்த முறையில் சோதித்தார்கள் என்று கேளுங்கள்.

நாங்கள் கேட்டோம். கையிலிருந்த டப்பாவின் பேட்ச் எண்ணைக் கொடுத்து, இந்த பேட்ச்சுக்கு வெளி ஆய்வகம் கொடுத்த சான்றிதழ் வேண்டும் என்று எழுதினோம். முதலில் பதிலே வரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு ஒரு தாள் வந்தது, அதில் இருந்த பேட்ச் எண் வேறு, தேதியும் எங்கள் டப்பா தயாரானதாகச் சொல்லும் தேதிக்கு முந்தையது. டப்பாவையே வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பேட்ச் எண் ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது தெரிந்தது. ஓரத்தை மெல்ல உரித்துப் பார்த்தேன், அடியில் இருந்ததன் காலாவதி மாதம் ஏற்கனவே முடிந்துபோயிருந்தது. தூள் ஏன் அவ்வளவு கட்டி கட்டியாக இருந்தது, குதிரை ஏன் தவிட்டை மட்டும் நக்கித் தின்றுவிட்டுத் தொட்டியின் அடியில் தூளை அப்படியே விட்டுவைத்தது என்பதெல்லாம் அப்போதுதான் புரிந்தது. விழுந்து விழுந்து பேசியவர் அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. பணம் திருப்பித் தருவதற்கு என்ன நிபந்தனை என்று கேட்டதற்கு, பாதி டப்பாவுக்கு மேல் பயன்படுத்தியிருந்தால் கிடையாது என்று எழுத்தில் வந்தது. மூன்று மாதம் போட்டுப் பாருங்கள் என்று சொல்லி விற்ற பொருளுக்கு இந்த நிபந்தனை! மூன்று மாதம் போட்டால் ஒரு டப்பா அல்ல, பல டப்பா காலியாகும்.

நடுவில் குதிரை தேறியது போலவும் இருந்தது. இது முக்கியம், இந்த இடத்தில்தான் நம்மைப் பிடிக்கிறார்கள். மூட்டுத் தேய்மான வலி நாளுக்கு நாள் ஏறி இறங்கும். வெயில் வந்து, மேய்ச்சலில் கூடுதல் நேரம் நடந்து திரிந்தால் எந்தத் தூளும் இல்லாமலே விறைப்பு குறையும். அதைப் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்படச் சொல்கிறார்கள், மறுபடி நொண்டினால் அளவை இரண்டு மடங்கு ஆக்கச் சொல்கிறார்கள். வயதான குதிரைகள் 24-ஐ வைத்து, யார் எதைத் தின்கிறது என்பது மறைக்கப்பட்ட ஒரு சோதனை நடந்திருக்கிறது. குளுக்கோசமின், கான்ட்ராய்டின், எம்எஸ்எம் மூன்றும் சேர்ந்த கலவையை 3 மாதம் கொடுத்தும், நடையின் விறைப்பில் மருந்து கலக்காத வெறும் தூளைவிட மேலான பலன் தெரியவில்லை. குதிரைகளுக்குக் குளுக்கோசமினை வாய்வழி கொடுத்து ரத்தத்தில் அளந்த ஆய்வுகளில், உடம்பில் சேர்ந்தது 10 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. எல்லா மூட்டு சப்ளிமென்ட்டும் குப்பை என்று நான் சொல்லவில்லை. அவகாடோ, சோயா எண்ணெய்களிலிருந்து எடுக்கும் ஏஎஸ்யு என்ற பொருளைக் கொடுத்த குதிரைகளில் குருத்தெலும்பு அரிப்பு குறைந்ததாக ஒரு சோதனை காட்டியது, ஆனால் அதிலேயே நொண்டல் குறையவில்லை. நல்ல சப்ளிமென்ட்டே இவ்வளவுதான் செய்யும் என்கிறபோது, காலாவதியான, அளவு குறைந்த தூளை வைத்து மூன்று மாதத்தில் நொண்டல் போகும் என்று வாக்குக் கொடுப்பது என்ன நியாயம்?

கடைசியில் டாக்டர் வந்தார். காலை மடக்கிப் பிடித்து ஓட்டிப் பார்த்தார், எந்த இடத்தில் வலி என்று ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். பின்னங்காலின் நடுவில் இருக்கும் ஹாக் மூட்டின் கீழ் அடுக்குகளில் தேய்மானம், எலும்பு முனை வளர்ந்திருக்கிறது. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி, லாடம் அடிப்பவரிடம் சொல்லிக் குளம்பின் முன்பகுதியைக் குறைத்து லாடத்தை மாற்றுவது, எடையைக் கொஞ்சம் இறக்குவது, அடைத்து வைக்காமல் நடக்க விடுவது என்று திட்டம் கொடுத்தார். இதில் ஒன்றைக்கூட டப்பாவுக்குள் வைத்து விற்க முடியாது. இன்று அவள் வட்டத்தில் இடது பக்கமும் முழு அடி வைக்கிறாள். முதலிலேயே எக்ஸ்ரே எடுத்திருந்தால் அத்தனை மாத வலி அவளுக்கு வந்திருக்காது. அதை நினைத்தால் அந்த ஆலோசகர் மேல் வருகிற கோபம் இன்னும் அடங்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் டப்பா பலிக்கவில்லை என்றதும், "மூலிகை, முழுக்க இயற்கை, மூணே நாள்ல தெரியும்" என்று அதே ஆலோசகர் இன்னொரு பொட்டலத்தை நீட்டினார். வாங்கவில்லை. நாலைந்து நாளில் நொண்டல் மாயமாகிவிட்டால், உள்ளே வலி நிவாரணி கலந்திருக்கிறதா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். 2022-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மனிதர்களுக்கு விற்ற மூட்டு சப்ளிமென்ட்டிலேயே லேபிளில் சொல்லாத டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணியும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருப்பதைக் கண்டுபிடித்து எச்சரித்தது. மனிதர்கள் தின்பதிலேயே இப்படி என்றால் குதிரைத் தூளை யார் பார்க்கப் போகிறார்கள்? போட்டிக்குப் போகும் குதிரை என்றால் இன்னும் கவனம். டெவில்ஸ் கிளா என்ற மூலிகையில் இருக்கும் ஹார்பகோசைடு, சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்இஐ-யின் தடைப் பட்டியலில் இருக்கும் பொருள். இயற்கை என்று எழுதியிருப்பதால் சோதனையில் தப்பிக்க முடியாது.

இதே மாதிரி தூளை யாராவது வாங்கி வைத்திருந்தால் டப்பாவைக் கோபத்தில் வீசிவிடாதீர்கள். மூடியோடு அப்படியே வைத்து, லேபிளின் நாலு பக்கத்தையும், ஸ்டிக்கருக்கு மேல் ஸ்டிக்கர் இருந்தால் அதையும் உரிப்பதற்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பில்லைத் தேடி எடுங்கள். பேட்ச் சான்றிதழை வாய் வார்த்தையில் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள், அவர்கள் பதில் சொல்லாத நாட்களும் ஆதாரம்தான். கொஞ்சம் தூளைக் காற்றுப் புகாத பாட்டிலில் தனியாக எடுத்து, தேதி எழுதி, டாக்டரிடம் காட்டுங்கள், எந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று அவர் சொல்வார். எங்கள் புகாரில் இதுவரை எதிர்த்தரப்பு மறுக்க முடியாமல் திணறுவது அந்த இரண்டு ஸ்டிக்கர் போட்டோவுக்கு மட்டும்தான்.