சனிக்கிழமை யாருக்கு? இபிக்யூ, டிஆஃப்இ கோல்ட், கடை வேலை: ஓர் அலசல்

இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வை முடித்த பிள்ளை, ஏ லெவல் படிக்கும் சிக்ஸ்த் ஃபார்முக்கு (12, 13ஆம் ஆண்டு) போனதும் பாடம் மூன்றாகக் குறைந்துவிடும். "நேரம் நிறைய இருக்குமே" என்று வீட்டில் நினைப்போம். அங்கேதான் போட்டி தொடங்குகிறது. இபிக்யூ எனும் ஆய்வுத் திட்டம், டியூக் ஆஃப் எடின்பரோ (டிஆஃப்இ) கோல்ட் விருது, சனிக்கிழமை கடை வேலை. மூன்றையும் சேர்த்தே செய்யலாம் என்று பள்ளிக் கையேடு சொல்லும். கையேடு எழுதியவருக்கு கெமிஸ்ட்ரி ஹோம்வொர்க் கிடையாது.

இபிக்யூவுக்குத்தான் வீட்டில் முதல் ஓட்டு விழும், ஏனென்றால் அதில் கிரேடு வருகிறது. ஏ லெவலில் ஏ கிரேடுக்கு 48 யூகாஸ் (பல்கலைக்கழக விண்ணப்ப அமைப்பு) புள்ளி, இபிக்யூவில் ஏ எடுத்தால் அதில் பாதி, 24. பிள்ளையே தலைப்பைத் தேர்ந்தெடுத்து, சுமார் 120 மணிநேரம் உழைத்து, 5,000 சொல் கட்டுரை எழுதி, அதைப் பலர் முன்னால் விளக்கிப் பேச வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் புள்ளியைப் பார்ப்பதே இல்லை, கிரேடைத்தான் கேட்கும். ஆனால் சவுத்தாம்ப்டன் போன்ற சில இடங்களில் இபிக்யூவில் நல்ல கிரேடு இருந்தால் ஏ லெவல் நிபந்தனையை ஒரு படி இறக்கித் தருகிறார்கள். ஆகஸ்டில் ஏ லெவல் முடிவு வந்து ஒரு கிரேடு சறுக்கினால் அந்தப் படியின் அருமை தெரியும்.

பலர் கோட்டை விடுவது 'ப்ரொடக்ஷன் லாக்' எனும் பதிவேட்டில். ஏகியூஏ தேர்வு வாரியத்தில் இபிக்யூவுக்கு மொத்தம் 50 மதிப்பெண். திட்டத்தை எப்படி நடத்தினாய், எதைப் படித்தாய், முடிவில் உன்னை நீயே எப்படி மதிப்பிடுகிறாய் என்பதற்கெல்லாம் தனித்தனியாக மதிப்பெண் உண்டு. கட்டுரை பிரமாதமாக இருந்து, பதிவேட்டைக் கடைசி இரவில் உட்கார்ந்து நிரப்பினால், படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். தலைப்பு அப்பாவின் ஆசையாக இருந்தாலும் தெரியும்.

டிஆஃப்இ வேறு ரகம். 1956 முதல் நடக்கிறது. கோல்டில் ஐந்து பகுதிகள்: 12 மாதத் தொண்டு; உடற்பயிற்சி, திறன் (இந்த இரண்டில் ஒன்று 12 மாதம், மற்றது 6 மாதம்); நான்கு நாள், மூன்று இரவு காட்டுப்புறப் பயணம்; அறிமுகமில்லாதவர்களோடு ஐந்து நாள் தங்கல். நம் பிள்ளைகளில் பலர் இதில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள், கணக்கில்தான் சேர்ப்பதில்லை. பரதநாட்டிய வகுப்பு உடற்பயிற்சிப் பகுதிக்குப் போகும், மிருதங்கம் திறனுக்கு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புக்கு உதவுவது, சம்பளம் வாங்காதவரை, தொண்டு. ஆனால் அந்தப் பள்ளியில் அம்மாவே டீச்சர் என்றாலும், செய்ததைச் சரிபார்க்கும் அசெஸராக அவர் கையெழுத்துப் போட முடியாது. குடும்பத்தினருக்கு அனுமதியில்லை.

பயணம்தான் பெற்றோரின் வயிற்றைக் கலக்கும் பகுதி. நான்கு முதல் ஏழு பேர், கூட வழிகாட்டிப் பெரியவர் இல்லை (மேற்பார்வையாளர் தள்ளித்தான் இருப்பார்). மழையில் ட்ராஞ்சியா அடுப்பைப் பற்றவைத்து, கையில் வரைபடத்தோடு மலைச்சரிவில் நடந்து, ஈரக் கூடாரத்தை மடித்துப் பையில் திணிக்க வேண்டும். வீட்டில் தட்டுக்கூடக் கழுவாத பையன் அங்கே பாத்திரம் தேய்ப்பான். எனக்கு இந்த விருதில் பிடித்ததே இதுதான், கோல்ட் முடித்தவர்களுக்கு வரும் அரண்மனை அழைப்பு அப்புறம்.

சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. முந்தைய படியான சில்வரை முடிக்காமல் நேரே கோல்டில் சேர்ந்தால் மொத்தம் 18 மாதம் ஆகும். செப்டம்பரில் தொடங்கினால் ஏ லெவல் தேர்வின் வாசலில் போய் முடியும். 25ஆவது பிறந்தநாள் வரை முடிக்க அவகாசம் உண்டு என்பது ஆறுதல். இதற்கு யூகாஸ் புள்ளி கிடையாது.

மூன்றாவது, கடை வேலை. "காசுக்கா உன்னை வேலைக்கு அனுப்பணும்?" என்று கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2025 ஏப்ரலில் 16, 17 வயதினருக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.55 பவுண்டாக இருந்தது. அந்தக் கணக்கில் எட்டு மணிநேரத்துக்கு 60.40. காசை விடுங்கள். காலாவதியான கூப்பனைக் கொண்டுவந்து சண்டை போடும் வாடிக்கையாளரை ஒரு மணிநேரம் சமாளித்த பிள்ளைக்கு நேர்காணலில் சொல்ல ஒரு கதை இருக்கும். மருத்துவம் படிக்க நினைப்பவருக்கு முதியோர் இல்லத்தில் சம்பள வேலை கிடைத்தால் அதையும் அனுபவமாகவே மருத்துவக் கல்லூரிகள் எடுத்துக்கொள்கின்றன.

இப்போது இந்த மாதிரி அனுபவத்துக்கு மவுசு கூடியிருக்கிறது. 2026 சேர்க்கையிலிருந்து யூகாஸ் விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி எழுதும் பர்சனல் ஸ்டேட்மென்ட் மூன்று கேள்விகளாகிவிட்டது, மொத்தம் 4,000 எழுத்து. மூன்றாவது கேள்வி, கல்விக்கு வெளியே என்ன செய்தாய், அது ஏன் பயன்படும் என்பது. 'ஏன்' என்பதற்குத்தான் பதில் எழுத வேண்டும். விருதின் பெயரை மட்டும் எழுதினால் அந்தப் பாதி காலியாகவே இருக்கும்.

என் கட்சி இதுதான்: சில்வர் கையில் இருந்தால் கோல்ட். இல்லையென்றால் சனிக்கிழமை வேலை. எதைப் பற்றியாவது பிள்ளை ராத்திரி வீடியோ வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தால், கூடவே இபிக்யூ. சேர்வதற்கு முன் பள்ளியில் ஒன்று கேளுங்கள்: இபிக்யூவைச் சமர்ப்பிப்பது 12ஆம் ஆண்டின் மே மாதமா, 13ஆம் ஆண்டின் நவம்பரா? மே என்றால், மருத்துவத்துக்கும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கும் கடைசி நாளான அக்டோபர் 15க்குள் கிரேடு கைக்கு வந்துவிடும். நவம்பர் என்றால் வராது.