கட்டுமானப் பொறியியல், மேலாண்மை எம்.இ.: ஆய்வகம் சிறப்பு, மேலாண்மை பாதி வழியில்

கொங்கு மண்டலத்தில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல், மேலாண்மை என்னும் எம்.இ. பட்டப்படிப்பை முடித்திருக்கிறேன். சேர நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் இங்கே சொல்லும் நிறைகளையும் குறைகளையும், இப்பகுதியின் வேறு கல்லூரிகளில் இதே படிப்பைப் படித்த நண்பர்களும் பெரும்பாலும் அப்படியே சொல்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கான்கிரீட்டைப் பற்றி இங்கே கற்றுத் தந்தது மிகச் சிறப்பு. மேலாண்மையைக் கற்றுத் தந்தது பரவாயில்லை. ஆனால் இந்த இரண்டும் ஒன்றோடொன்று எங்கே பிணைகின்றன என்பதைத்தான், ஒரே ஒரு தாளைத் தவிர, வேறெங்கும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

படிப்பு இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்கள். பி.இ. சிவில் முடித்தவர்கள் தேசிய அளவிலான கேட் தேர்வு மதிப்பெண் வழியாகவோ, மாநில அளவில் முதுநிலைப் பொறியியலுக்கு நடக்கும் சீட்டா நுழைவுத் தேர்வு வழியாகவோ சேரலாம். கேட் தேர்ச்சியோடு முழுநேரமாகச் சேர்பவர்களுக்குத் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் (ஏ.ஐ.சி.டி.இ.) உதவித்தொகையாக மாதம் 12,400 ரூபாய் கிடைக்க வழி உண்டு. எனவே கேட் எழுதிவிட்டுச் சேர்வதே நல்லது.

முதற்பருவத்திலேயே கலவை வடிவமைப்பை, அதாவது கான்கிரீட்டில் எந்தப் பொருள் எவ்வளவு சேர வேண்டும் என்று கணக்கிடுவதை, கையில் எடுத்துவிடுகிறார்கள். இளநிலைப் படிப்பில் சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்று மனப்பாடம் செய்துவிட்டு வந்தவர்களுக்கு, கலவை வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10262-இன் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பை வரிவரியாகப் படிக்க வைத்ததே பெரிய மாற்றம். எம்25 கான்கிரீட் (28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்குவது) வேண்டுமென்றால் 25-ஐக் குறிவைத்தால் போதாது. வேலையிடத்தில் தரம் ஏறி இறங்கும் என்பதால், திட்டவிலக்கம் (முடிவுகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 4 என்று கொண்டு, அதை 1.65-ஆல் பெருக்கிக் கூட்டி, சதுர மில்லிமீட்டருக்கு 31.6 நியூட்டனைக் குறிவைக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடுவது எளிது. அந்தக் கணக்குக்கு உரிய பொருள்களை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் எங்கள் பேராசிரியர் வேறுபட்டார். மதுக்கரைப் பக்கத்துக் கிரஷர் ஒன்றிலிருந்தும் கரூர்ப் பக்கத்துக் கிரஷர் ஒன்றிலிருந்தும் எம்-சாண்டும் முக்கால் ஜல்லியும் வரவழைத்து, ஒரே சிமெண்ட்டைக் கொண்டு இரண்டு கலவைகளையும் எங்களையே வடிவமைக்கச் சொன்னார். ஒரு மணலில் தூள் கூடுதல். இன்னொன்றில் துகள்கள் தட்டையாகவும் கூர்மையாகவும் இருந்தன. மணல், ஜல்லிக்கான தரநிலையான ஐ.எஸ். 383 அரைத்த மணலில் 150 மைக்ரான் சல்லடையைக் கடக்கும் தூளை 20 சதவீதம் வரை ஏற்றுக்கொள்கிறது. ஆற்று மணலுக்குப் பழகிய கை அப்படிப்பட்ட மணலைத் தொட்டதும் தண்ணீரைத்தான் தேடும் என்பதை அந்த ஆய்வில் நேராகவே பார்த்தோம். காவிரி மணல் கிடைப்பது அரிதாகிவிட்ட இவ்வட்டாரத்தில் இதைவிடத் தேவையான பாடம் வேறில்லை.

கியூப், அதாவது வார்த்து ஊறவைத்த கான்கிரீட் கனசதுரக் கட்டி, அதை அழுத்தி உடைத்து வலிமையை அளக்கும் ஆய்வைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 150 மில்லிமீட்டர் கனசதுரத்தின் ஒரு முகத்தின் பரப்பு 22,500 சதுர மில்லிமீட்டர், 31.6 நியூட்டன் எட்ட வேண்டுமென்றால் எந்திரத்தின் முள் ஏறத்தாழ 711 கிலோநியூட்டனைத் தாண்ட வேண்டும். பல கல்லூரிகளில் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டதும் உடைந்த கட்டியைக் குப்பைக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் ஆய்வக உதவியாளர் அதை மேசைமேல் வைத்து, ஒவ்வொருவரையும் அருகில் அழைத்துக் காட்டுவார். நான்கு பக்கங்களும் ஒரே சீராக உதிர்ந்து, நடுவில் இரண்டு கூம்புகள் முனையோடு முனை ஒட்டிய வடிவில் கட்டி நின்றால் சோதனை சரி. ஒரு பக்கம் மட்டும் பெயர்ந்து, மறுபக்கம் வழவழவென்று அப்படியே நின்றால், கியூப் எந்திரத்தின் நடுவில் வைக்கப்படவில்லை, அல்லது கியூப் வார்த்த அச்சின் முகம் மட்டமாக இல்லை. அந்த எண்ணை நம்பக் கூடாது. ஜல்லியே பிளந்திருக்கிறதா, ஜல்லியை விட்டுச் சிமெண்ட் பசை மட்டும் கழன்றிருக்கிறதா என்பதையும் அவர் விரலால் தடவிக் காட்டுவார். பட்டம் பெற்ற எவரும் எனக்கு அதுவரை இதைக் காட்டியதில்லை. கியூப்கள் ஊறும் தொட்டியின் நீர் 27 டிகிரியிலிருந்து இரண்டு டிகிரிக்கு மேல் விலகக் கூடாது என்பதற்காகச் சித்திரை வெயிலில் காலையிலும் மாலையிலும் வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதியவரும் அவரே. இந்தப் படிப்புக்கு நான் கொடுக்கும் பாராட்டில் பெரும்பங்கு அவருக்குச் சேர வேண்டும்.

தண்ணீரைப் பற்றிய பாடமும் அதே அக்கறையோடு நடந்தது. வேலையிடத்தில் நின்றவர்கள் எல்லோரும் கேட்ட பேச்சு ஒன்று உண்டு: "சார், கலவை ரொம்பக் கெட்டியா இருக்குதுங்க, கொஞ்சம் தண்ணி உட்டாத்தான் ஓடுமுங்க." மேஸ்திரி சொல்வதில் நியாயமும் இருக்கிறது, கம்பி நெருக்கமாக உள்ள பீமில் கெட்டிக் கலவை இறங்காது, தேன்கூடு (உள்ளே ஓட்டை ஓட்டையாக வெற்றிடம்) விழும். ஆனால் ஒரு கன மீட்டருக்கு 340 கிலோ சிமெண்ட், 170 லிட்டர் தண்ணீர் என்று வடிவமைத்த கலவை ஆறு கன மீட்டர் லாரியில் வரும்போது, அதில் 120 லிட்டரைக் கூடுதலாக ஊற்றினால், நீர்-சிமெண்ட் விகிதம் 0.50-லிருந்து 0.56-க்குப் போய்விடுகிறது. விகிதம் கூடக் கூட வலிமை குறையும் என்பதை டஃப் ஆப்ரம்ஸ் 1918-இலேயே நிறுவிவிட்டார். எங்கள் வகுப்பில் மேஸ்திரியைக் குறை சொல்வதோடு நிறுத்தவில்லை. அதே கலவையில் தண்ணீரைத் தொடாமல், கலவையை இளக வைக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் என்னும் வேதிப்பொருளை மட்டும் சிறிது கூட்டி, ஸ்லம்ப் சோதனையில் (கூம்பு அச்சை எடுத்ததும் கலவை சரியும் அளவு) எவ்வளவு சரிகிறது என்று செய்து பார்த்தோம். வேலையிடத்தில் ஒருவரை மறுத்துப் பேசும்போது மாற்று வழியும் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஆய்வு பெரிதும் உதவியது.

இந்த மண்ணின் இயல்பைப் பாடத்துக்குள் கொண்டுவந்த விதம் என்னை மிகவும் கவர்ந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வீசும் காற்றுதான் உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. புதிதாகப் போட்ட தளத்தின் மேற்பரப்பை உலர்த்துவதும் அதே காற்றுதான். வெயில் இல்லாத மூடாக்கு நாளில் போட்ட தளத்திலும் ஏன் மாலைக்குள் மயிரிழை வெடிப்புகள் ஓடுகின்றன என்று கேட்கும் வீட்டுக்காரர்கள் இங்கே நிறையப் பேர். சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் நீர் ஆவியானால் இத்தகைய வெடிப்பு வரும் வாய்ப்பு அதிகம் என்பது அமெரிக்கக் கான்கிரீட் கழகம் சொல்லும் அளவு. காற்றின் வெப்பம், ஈரப்பதம், கான்கிரீட்டின் வெப்பம், காற்றின் வேகம் ஆகிய நான்கையும் வைத்து அந்த அளவைக் கணிக்கும் வரைபடத்தைக் கல்லூரி மொட்டை மாடியிலேயே எங்களைப் பயன்படுத்தச் சொன்னார்கள். தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது மட்டும் கியூரிங் (கான்கிரீட் ஈரம் இழக்காமல் காப்பது) ஆகாது, மட்டப்பலகை போட்டு முடித்த உடனேயே பாலித்தீன் விரிப்பால் மூட வேண்டும் என்பது அங்கே ஐயமறப் புரிந்தது.

நீர்ச் சோதனையும் அப்படியே. மாணவர்கள் தங்கள் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து சோதிக்கலாம் என்று அனுமதித்தார்கள். கம்பியோடு சேரும் கான்கிரீட்டுக்கான நீரில், கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456. சாயக்கழிவால் கெட்ட நொய்யல் கரையில், அந்தக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைக்கட்டுப் பகுதியில் வீடு கட்டுபவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை.

இனி மேலாண்மைக்கு வருகிறேன். வேலைகளை வரிசைப்படுத்தி முடியும் நாளைக் கணிக்கும் திட்டமிடல் தாளில் 1957-இல் டூபாண்ட் நிறுவனத்தில் உருவான சி.பி.எம். முறையும், 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் முறையும் முறையாகக் கற்பிக்கப்பட்டன. பிரைமவேரா என்னும் திட்டமிடல் மென்பொருளிலும் பயிற்சி உண்டு. ஆனால் பயிற்சிக்குத் தந்த திட்டங்கள் எல்லாம் ஊர் பெயரற்றவை. செயல் ஒன்றுக்குப் பத்து நாள், செயல் இரண்டுக்குப் பதினைந்து நாள் என்று யாரோ எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பத்து நாள் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. 4.5 மீட்டர் வரை நீளும் தளத்துக்கு, அது இறுகும் வரை கீழே தாங்கி நிற்கும் அடிமுட்டுகளை ஏழு நாள் வரையும், அதற்கு மேல் நீண்டால் பதினான்கு நாள் வரையும், ஆறு மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு இருபத்தொரு நாள் வரையும் எடுக்கக் கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்வதைக் கான்கிரீட் வகுப்பில் படித்தோம். அடுத்த அறையில் நடந்த திட்டமிடல் வகுப்பில் அந்த எண்கள் ஒருமுறைகூட வரவில்லை. உண்மையில் ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் இடையிலான நாள்களை முடிவு செய்வது அந்த எண்களும், கையில் எத்தனை செட் சென்ட்ரிங் தகடும் (கான்கிரீட்டை வார்க்க அடியில் அமைக்கும் தற்காலிகத் தாங்கல்) முட்டும் உள்ளன என்பதும்தான். நாள் வாடகைக்கு எடுத்த சென்ட்ரிங் தளத்தின் அடியிலேயே நிற்கும்போது, ஒவ்வொரு நாளும் ஒப்பந்ததாரருக்குச் செலவு. அதனால்தான் முட்டுகளைச் சீக்கிரம் பிடுங்கச் சொல்லும் அழுத்தம் வருகிறது. இந்த ஒரே எடுத்துக்காட்டை வைத்து ஒரு பருவம் முழுவதும் பாடம் நடத்தலாம்.

வேலையாட்களைப் பற்றிய பாடமும் இதே குறையோடுதான் நின்றது. கோவையிலும் திருப்பூரிலும் இன்று சென்ட்ரிங், கம்பி கட்டும் வேலைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பெருமளவில் இருக்கிறார்கள். ஹோலிக்கும் சத் பூஜைக்கும் அவர்கள் ஊருக்குப் போனால் வேலையிடம் அடங்கிவிடும். உள்ளூர்க் கொத்தனார்களும் சித்தாள்களும் தீபாவளி, பொங்கல், ஊர் நோம்பிகளை ஒட்டி வரமாட்டார்கள். இவற்றையெல்லாம் காலண்டரில் ஏற்றி ஒரு கால அட்டவணை போடும் பயிற்சியை நாங்களே கேட்டும் தரவில்லை. சதுர அடி ரேட்டில் பேசிய லேபர் காண்ட்ராக்டும் நாள் கூலியும் ஒரே இடத்தில் நடக்கும்போது அளவெடுத்துப் பில் போடுவது எப்படி, சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பணம் திரட்டுவது எப்படி என்பவையும் பாடத்தில் இல்லை.

ஒப்பந்தச் சட்டத் தாள் மட்டும் விதிவிலக்கு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டம், கட்டுமானத் தொழிலாளர் நலனுக்காகக் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் செலுத்த வேண்டிய தீர்வை ஆகியவற்றைப் பணியில் இருக்கும் ஒரு பொறியாளர் வந்து நடத்தினார். கியூப் முடிவு 28 நாள் கழித்து வரும், அதற்குள் மேலே இன்னொரு தளம் ஏறியிருக்கும், முடிவு தவறினால் செலவு யாருடையது என்று அவர் கேட்ட கேள்விக்கு வகுப்பே வாயடைத்துப் போனது. கியூப் தவறினால் கட்டிய கான்கிரீட்டிலிருந்தே வெட்டியெடுத்துச் சோதிக்கும் கோர் துண்டுகளின் சராசரி குறிப்பிட்ட வலிமையில் 85 சதவீதத்தையாவது எட்ட வேண்டும், எந்த ஒரு துண்டும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்ற விதியை எடுத்து, அதன் செலவை ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில் எழுதுவது என்று அவர் விளக்கினார். நான் மேலே குறைப்பட்ட பிணைப்பு நிகழ்ந்தது அந்த வகுப்பு ஒன்றில்தான். அவர் வந்த நாள்கள் மிகக் குறைவு.

இறுதியாண்டு ஆய்வுத் திட்டங்களிலும் திருத்தம் தேவை. வார்ப்பட ஆலை மணல், சாயச் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடு, தேங்காய் ஓட்டுத் துண்டு என்று இவ்வட்டாரத்தில் மிஞ்சும் பொருள்களைக் கான்கிரீட்டில் கலந்து பார்ப்பது நல்ல எண்ணந்தான். ஆனால் பெரும்பாலானவர்கள் 10, 20, 30 சதவீதம் கலந்து, 28-ஆம் நாள் வலிமையை எடுத்து, வரைபடம் போட்டு முடித்துவிடுகிறார்கள். குளோரைடு ஊடுருவலை அளக்கும் கருவி நாங்கள் படித்த காலத்தில் பழுதாகிக் கிடந்ததால், அந்தக் கான்கிரீட் எத்தனை ஆண்டு நிற்கும் என்ற கேள்வியை எவராலும் தொட முடியவில்லை. கட்டணம் வாங்கும் கல்லூரி அந்தக் கருவியைச் சரிசெய்திருக்க வேண்டும்.

யார் சேரலாம் என்றால், பி.இ. முடித்து ஓராண்டாவது வேலையிடத்தில் நின்றவர்கள் தயங்காமல் சேரலாம். தரக் கட்டுப்பாடு, ஆயத்தக் கான்கிரீட் நிலையம், ஆலோசனை நிறுவனம் ஆகியவற்றில் வேலை தேடுவோருக்கு இந்த ஆய்வகப் பயிற்சி நேரடியாகக் கைகொடுக்கும். திட்டமிடல் பொறியாளராக வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு வருபவர்கள், விடுமுறைகளில் ஏதேனும் ஒரு ஒப்பந்ததாரரிடம் தாங்களாகவே பயிற்சிக்குப் போவதாக இருந்தால் மட்டும் சேருங்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது சேர்க்கை அலுவலகத்தோடு நின்றுவிடாமல் கான்கிரீட் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அழுத்தச் சோதனை எந்திரத்தில் ஒட்டியிருக்கும் அளவுச் சரிபார்ப்புச் சீட்டின் தேதி ஓராண்டுக்குள் இருக்கிறதா, ஊறல் தொட்டியில் தண்ணீரும் கியூப்களும் இருக்கின்றனவா, கியூப்களின் மேல் வார்த்த தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்; பழுதான கருவிகள் எவையென்று ஆய்வக உதவியாளரிடமே கேளுங்கள், அவர் மறைக்காமல் சொல்வார்.