பங்க்காரரோடு சண்டை போட வைத்த பெட்ரோல் முள்

முதலில் பங்க்காரரைத்தான் சந்தேகப்பட்டேன். காருக்கு ஃபுல் டேங்க் போடச் சொல்லி, குழாய் தானாக டக்கென்று நின்று, பில்லும் கைக்கு வந்த பிறகு பார்த்தால் முள் பாதிக்கு மேல் ஒரு கோடுதான் ஏறியிருக்கிறது. 5 லிட்டர் அளவுக் கேனைக் கொண்டு வாருங்கள் என்று பின்னால் வரிசை நிற்க நிற்கச் சண்டை போட்டேன் (எந்த பங்க்கிலும் இதைக் கேட்கலாம், அளந்து காட்டியாக வேண்டும்). அளந்தார்கள். கோட்டில் சரியாக நின்றது. அந்த அவமானத்தை விடுங்கள்.

அடுத்து கம்பெனி சர்வீஸ். அங்கே முள்ளைப் பார்த்தார்கள், வேறு எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. டேங்க்குக்குள் இருக்கும் பம்பும், பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கி முள்ளுக்கு அளவு சொல்லும் மிதவையான ஃப்ளோட்டும் சேர்ந்த முழு செட்டையும் மாற்ற வேண்டும், 9,400 ரூபாய், லேபர் தனி என்று எழுதிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு வருட வண்டிக்கு அது கொஞ்சம் அதிகம்தான். நண்பர் ஒருவர் சொல்லி சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டின் பக்கச் சந்து ஒன்றில் இருக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடைக்குப் போனேன். போர்டு கூட இல்லாத கடை.

அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "டெம்பரேச்சர் முள் ஒழுங்கா வேலை செய்யுதா சார்?" செய்கிறது என்றேன். அப்ப மீட்டர் போர்டுக்கு கரன்ட் சரியாத்தான் வருது என்று சொல்லிக்கொண்டே பின் சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, டேங்க்குக்குப் போகும் வயர்களின் இணைப்பான கப்ளரைப் பிரித்தார். அதே கப்ளரில் பம்புக்கான வயரும் வருகிறது, அதைத் தெரியாமல் எர்த்தில் (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த பாடி இரும்பில்) தொட்டால் ஃப்யூஸ் போய்விடும் என்று டெஸ்ட் லேம்ப் வைத்து அதை முதலில் ஒதுக்கினார். பிறகு கீயை ஆன் பண்ணச் சொல்லி, முள்ளுக்குப் போகும் வயரையும் கப்ளரில் இருந்த ஃப்ளோட்டின் எர்த் வயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தார். முள் மெதுவாக ஏறி, பழையபடி பாதிக்கு மேலேயே நின்றது. அதே கம்பியின் ஒரு முனையை பாடி இரும்பில் வைத்தார். முள் ஃபுல்லுக்குப் போய்விட்டது!

விஷயம் இவ்வளவுதான். என் வண்டியில் டேங்க் நிறைந்திருந்தால் ஃப்ளோட்டின் ரெசிஸ்டன்ஸ் (கரன்ட்டைத் தடுக்கும் அளவு, ஓமில் சொல்வார்கள்) குறைவு, காலியாக ஆக அது கூடும், பல ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் கிட்டத்தட்ட 3 ஓமிலிருந்து 110 ஓம் வரை. எர்த் வயர் துரு பிடித்தால் அந்தத் துருவின் ஓமும் சேர்ந்துகொள்ளும், முள் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஓம் அளக்கும் மீட்டர் வைத்து அளந்ததில் ஃப்ளோட் 4 ஓம்தான் காட்டியது, அதாவது அது நல்லபடியாகத்தான் இருக்கிறது. பம்புக்கு எர்த் தனி என்பதால் வண்டி ஓடுவதில் எந்தக் குறையும் தெரியவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் கார்பெட் வரை தண்ணீர் நின்ற வண்டி இது, எர்த் போல்ட்டைக் கழற்றியபோது அடியில் பச்சையும் பழுப்புமாக இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயர் முனைக்குப் புது லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) அடித்து, கிரீஸ் தடவி மூடினார். 350 ரூபாய்.

அதோடு முடியவில்லை. டேங்க் கால்வாசிக்குக் கீழே வந்ததும் முள் குதிக்க ஆரம்பித்தது, அதற்காக இரண்டாவது முறையும் போனேன். இந்த முறை டேங்க்கைத் திறக்க வேண்டியிருந்ததால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வண்டியை வெளியே திறந்த இடத்தில் நிறுத்தி, பீடியோடு வேடிக்கை பார்க்க வந்தவரைத் திட்டி அனுப்பிவிட்டுத்தான் கை வைத்தார். ஃப்ளோட் கையைக் கீழிருந்து மேலே தள்ளித் தள்ளி மீட்டரைக் காட்டினார். ஓரிடத்தில் எண் தாவுகிறது. ஃப்ளோட்டின் ரெசிஸ்டன்ஸ் பட்டையான டிராக் அங்கே தேய்ந்திருக்கிறது. துடைத்து, அதன்மேல் உரசும் காண்டாக்ட்டை ஒரு மயிரிழை ஒதுக்கி வளைத்து, தேயாத பகுதியில் ஓடவிட்டார். இது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டதற்கு, "கேரண்டி கிடையாது சார், திரும்பக் குதிச்சா ஃப்ளோட்டை மட்டும் மாத்திக்கலாம்" என்றார். மூடியின் ரப்பர் ரிங்கைப் புதிதாகப் போட்டார், பழையதைத் திரும்ப மாட்டினால் காருக்குள் பெட்ரோல் வாடை வருமாம். 600 ரூபாய்.

குறைகளும் உண்டு. சனிக்கிழமை வாங்க என்பார், திங்கட்கிழமைதான் கை வைப்பார். பில் கிடையாது, சிகரெட் அட்டையில் எழுதித் தருவார். வண்டி நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. கம்ப்யூட்டர் வழியாக முள் ஓடும் புது மாடல் வண்டிகளை அவரே தொடுவதில்லை, அந்தத் துண்டுக் கம்பி வேலையை அவற்றில் யாரும் செய்து பார்க்கவும் வேண்டாம்.

நான்கு மாதம் ஆகிறது, முள் ஒழுங்காக இருக்கிறது. அந்த பங்க்குக்குத்தான் இன்னும் போகவில்லை, எதிர்ச்சாரியில் இருப்பதிலேயே போட்டுக்கொள்கிறேன்.